இசைக் கேள்வி – பதில்: தகிட தகிட தகதிமி, கொட்டோனு வழியாக

சென்ற இதழில் பெனின் நாட்டின் பொலி-ரித்மோ குழுவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தோம். கியூபாவின் தாளமும் அமெரிக்க ஃபங்க்கும் கோயில் மேளமும் ஒரே பாட்டில் கேட்கிற குழு என்று சொல்லியிருந்தோம். அந்த நாலு வரிக்கு மலையகத்திலிருந்து ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சுருக்கிப் பதில் தருகிறோம்.

கே: மேற்கு ஆபிரிக்காவைப் பெரும்பாலும் ஆண்டது பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும்தான். ஆனால் நான் கேட்ட செனகல் பாட்டு ஒன்று ஸ்பானிய மொழியில் இருக்கிறது. ஸ்பானியம் அங்கே எப்படிப் போனது? – ஆசிரியை, ஹட்டன்

ப: கப்பலில், இசைத்தட்டாகப் போனது டீச்சர். 1933இல் இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனம் கியூபா இசைத்தட்டுகளை 'ஜி.வி.' என்ற வரிசை எண்ணிட்டு ஆபிரிக்காவில் விற்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் கனத்த தட்டுகள். டாக்கார், அக்ரா, லாகோஸ் என்று துறைமுகம் துறைமுகமாக அவை இறங்கின. கேட்டவர்களுக்கு மொழி புரியவில்லை. தாளம் மட்டும் நன்றாகவே புரிந்தது. புரியாமல் எப்படி இருக்கும்? அடிமைகளாகக் கியூபாவுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் யொருபா மக்களும் ஃபொன் மக்களும் உண்டு. மணியும் மேளமும் அவர்களுடைய கையோடு போனவை. அங்கே ஸ்பானியக் கிட்டாரோடு கலந்து, நூற்றாண்டு கழித்து, தட்டில் ஏறி வீட்டுக்கே திரும்பி வந்தன. தப்பு மேளமும் காமன் கூத்தும் கடல் தாண்டி நம் தோட்டங்களுக்கு வந்ததை நாம் அறிவோம். அவை இங்கே உருமாறி, திரும்பத் தமிழ்நாட்டுக்குப் போய், அங்குள்ள இளைஞர்களை ஆட வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே நடந்தது அதுதான்.

பாடகர்கள் தட்டைக் கேட்டுக் கேட்டு ஸ்பானியச் சொற்களைக் காதால் பிடித்துப் பாடினார்கள். பொருள் தெரியாமலே பாடியவர்கள் பலர். 1960இல் டாக்காரில் மியாமி கிளப் நடத்திய இப்ரா காசே உருவாக்கிய ஸ்டார் பாண்ட் இப்படித்தான் தொடங்கியது. காம்பியாவின் லாபா சொஸ்ஸே கியூபா வழி ஆட்ட இசையான சல்சாவைக் கடைசிவரை ஸ்பானியத்தில் பாடி, கேட்பவர்களைக் கியூபாக்காரர் என்றே நம்ப வைத்தவர். பிறகு மெல்ல மெல்ல மெட்டு கியூபாவுடையதாகவும் சொல் வொலொஃப், மண்டிங்கா மொழிகளிலும் ஆயிற்று. 1970இல் டாக்காரில் பிறந்த ஓர்க்கெஸ்ட்ரா பாவோபாப் இந்த மாற்றத்தின் மிக இனிய கட்டம். அதன் கிட்டார்க்காரர் பார்த்தெலெமி அத்திஸோ டோகோ நாட்டவர், தொழிலால் வழக்கறிஞர். அவர் வாசிப்பில் அவசரமே இருக்காது.

அரசுகளும் கை கொடுத்தன. 1964இல் மாலி அரசு பத்து இளைஞர்களை இசை படிக்க ஹவானாவுக்கு அனுப்பியது. அவர்கள் அங்கேயே 'மரவில்யாஸ் டி மாலி' என்ற குழுவானார்கள். அவர்களில் ஒருவரான புல்லாங்குழல்காரர் போன்கானா மைகா பின்னாளில் 'ஆபிரிக்காண்டோ' குழுவின் இசையமைப்பாளராகி, செனகல் குரல்களையும் நியூயோர்க்கின் சல்சாக் கலைஞர்களையும் ஒன்றாக உட்கார வைத்தார். கினியின் பெம்பெயா ஜாஸ் 1965இல் ஹவானா போய் வந்தது.

கே: அப்படியானால் ஃபங்க் எப்போது வந்தது? – வாசகர், பதுளை

ப: 1960களின் நடுவில், முதலில் ஓர் ஆபிரிக்கர் வழியாகவே வந்தது. சியரா லியோனின் ஜெரால்டோ பினோ தன் 'ஹார்ட்பீட்ஸ்' குழுவோடு அமெரிக்க ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பாணியைக் கானாவிலும் நைஜீரியாவிலும் மேடையேற்றினார். நல்ல ஒலிபெருக்கியும் நல்ல உடுப்புமாக அவர் வந்து இறங்கியபோது உள்ளூர்க் குழுக்கள் ஆடிப்போயின. நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டி 1969இல் தன் குழுவோடு அமெரிக்கா போய்ப் பல மாதங்கள் தங்கித் திரும்பினார். ஜேம்ஸ் பிரவுனே 1970இல் நைஜீரியா வந்தார். 1971 மார்ச் 6ஆம் திகதி அக்ராவின் பிளாக் ஸ்டார் சதுக்கத்தில் நடந்த 'சோல் டு சோல்' இரவில் வில்சன் பிக்கெட்டும் டீனா டர்னரும் பாடினார்கள். அதே மேடையில் இலத்தீன் தாளத்தோடு ரொக் வாசிக்கும் சந்தானா குழுவும் இருந்தது. ஃபங்க்கும் இலத்தீனும் கலப்பது பற்றி அன்று அக்ராவில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு முன்பே அடித்தளம் போட்டவர்களையும் மறக்க முடியாது. கானாவில் ஈ. டி. மென்சாவின் 'டெம்போஸ்' குழு ஹைலைஃப் என்ற கானா ஆட்ட இசையும் கரீபியக் கலிப்ஸோவும் வாசித்துக்கொண்டிருந்தது. அதன் ட்ரம்ஸ்காரர் கை வாரன் 1950 அளவில் லண்டனில் ஆபிரிக்க-கியூபா இசைக்குழு ஒன்றில் வாசித்துவிட்டு, பொங்கோ, கொங்கா என்ற கியூபா மேளங்களோடு ஊர் திரும்பினார்.

கே: 'கோயில் மேளம்' என்று எழுதியிருந்தீர்கள். பெனினில் என்ன கோயில்? – வாசகி, நுவரெலியா

ப: வொடூன் வழிபாடு. சினிமா காட்டுகிற பொம்மையும் ஊசியும் அல்ல. முன்னோரையும் மண்ணையும் நீரையும் இடியையும் வணங்கும் பழைய சமயம். பொலி-ரித்மோவை மெலோமே கிளெமான் 1968இல் கொட்டோனு நகரில் தொடங்கினார். (நாட்டின் பெயர் அப்போது தஹோமே, 1975இல்தான் பெனின் ஆனது.) மற்றக் குழுக்கள் கியூபாவையும் ஜேம்ஸ் பிரவுனையும் வாசித்தபோது இவர்களும் வாசித்தார்கள். ஆனால் அடியில் தங்கள் ஊர்ச் சடங்குத் தாளங்களைப் போட்டார்கள். அவற்றில் இரண்டு முக்கியம். ஒன்று சாத்தோ: இறந்தவர்களுக்கான நினைவுச் சடங்கில் அடிப்பது, மேளத்துக்கும் அதுவே பெயர், ஏறத்தாழ ஆள் உயரம் இருக்கும். மற்றது சக்பட்டா.

சக்பட்டா யார் தெரியுமா? மண்ணின் தெய்வம், அம்மை நோயைக் கொடுப்பதும் காப்பதும் அந்தத் தெய்வம்தான். இதற்கு மேல் மலையகத்து வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. மாரியம்மனுக்குத் தப்பு அடிக்கும் ஊர் நம்முடையது. இரண்டுக்கும் உறவு இருப்பதாக நாம் சொல்ல வரவில்லை. அம்மை எங்கெல்லாம் வந்ததோ அங்கெல்லாம் மனிதர் மேளம் தூக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் நம் தப்புத் தாளத்தைப் பேஸ் கிட்டாருக்கு மேல் ஏற்றலாமா, அம்மன் கோபித்துக்கொள்வாளா என்று கேட்டு இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது. கொட்டோனுக்காரர்கள் சக்பட்டாவை ஃபங்க்கில் ஏற்றியது 1970களில். எந்த அடியை மேடைக்கு எடுக்கலாம், எதைக் கோயிலோடு விட வேண்டும் என்று உங்கள் தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். சாமி அழைக்கும் அடியை நாங்களாயிருந்தால் எடுக்கமாட்டோம்.

கே: எங்கள் குழுவில் ஒரு கீபோர்ட், ஒரு கிட்டார், ஒரு பேஸ், டோலக்கி, தப்பு, ஒரு பாடகர். ட்ரம்ஸ் வாங்கக் காசு இல்லை. இந்த மாதிரி வாசிக்க முடியுமா? எங்கே தொடங்குவது? – இளைஞர் குழு, தலவாக்கலை

ப: முடியும். முதல் வேலை, கீபோர்டில் 'ஸ்டைல்' பட்டனை அணைப்பது. அது தானாக அடிக்கும் தாளம் ஓடிக்கொண்டிருக்கும்வரை உங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் வேலை இருக்காது.

அடுத்தது மணி. இந்த இசை முழுவதும் ஒரு மணியின் மேல் நிற்கிறது. கடையில் விற்கும் கௌபெல் வேண்டியதில்லை. கைப்பிடி கழன்ற பழைய மம்பட்டித் தகடு ஒன்றும் பெரிய போல்ட் ஒன்றும் போதும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, கியூபாவில் கரும்புத் தோட்டத்து மக்கள் மம்பட்டித் தகட்டைத்தான் மணியாக அடித்தார்கள், இன்றும் அடிக்கிறார்கள். கைப்பிடி செருகும் ஓட்டைக்குள் தடித்த கயிறு கோத்துத் தொங்கவிட்டு அடியுங்கள். தகட்டை விரலால் இறுக்கிப் பிடித்தால் ஒலி செத்துவிடும்.

அடி இது. பதினாறு மாத்திரை ஒரு சுற்று. வாயால் சொல்லுங்கள்:

தகிட – தகிட – தகதிமி – தக – தகதிமி

3, 3, 4, 2, 4, கூட்டினால் 16. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் மணி. அதாவது 1, 4, 7, 11, 13ஆம் மாத்திரைகளில். கியூபாவில் இதற்குக் கிளாவே என்று பெயர். கானாவின் ப்பன்லோகோ ஆட்டத்தில் மணிக்காரர் அடிப்பதும் இதுவே. இப்போது காலைத் தட்டுங்கள், நாலு மாத்திரைக்கு ஒரு தட்டு: 1, 5, 9, 13. மணியும் காலும் சேர்வது முதல் அடியிலும் கடைசி அடியிலும் மட்டும். நடுவில் உள்ள மூன்று அடியும் காலுக்கு இடையில் விழ வேண்டும். புதிதாகப் பழகுபவர் எல்லோரும் தவறுவது இரண்டாவது அடியில். 4இல் விழ வேண்டிய மணி காலை நோக்கி இழுபட்டு 5இல் விழும். விழுந்தால் தாளம் பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். நிமிடத்துக்கு 70 கால் தட்டில் தொடங்கி, தவறாமல் பத்து நிமிடம் வந்தபின் ஐந்து ஐந்தாக ஏற்றி 104 அளவில் நிறுத்துங்கள்.

மணி பாடகரிடம் இருக்கட்டும். ஆனால் அவர் உற்சாகம் வந்தால் ஓடுகிறவர் என்றால் வேறு ஆளிடம் கொடுங்கள். குழுவில் யார் மிக மந்தமானவர் என்று நீங்கள் கேலி செய்கிறீர்களோ, மணிக்குப் பொருத்தமானவர் அவர்தான்.

டோலக்கி கியூபாப் பக்கம் நிற்கட்டும், தப்பு ஃபங்க் பக்கம். டோலக்கியின் திறந்த ஒலி 7, 8இலும் 15, 16இலும் வரும். கொங்காக்காரர் செய்வது அதுதான். மற்ற இடங்களில் விரல் நுனியால் மெல்லிய தட்டல் போதும். தப்பில் மெல்லிய குச்சி பதினாறு மாத்திரையையும் காதுக்குக் கேட்டும் கேளாமலும் ஓட்டட்டும். தடித்த குச்சி 5இலும் 13இலும் மட்டும் அழுத்தி விழட்டும். ட்ரம்ஸ் செட்டில் ஸ்நேர் விழும் இடம் அது. தப்புக்காரருக்கு இது பெரிய சோதனை. சும்மா இருப்பது தப்புக்குப் பழக்கமில்லாத விஷயம்.

பேஸ்காரருக்குத்தான் உண்மையான முடிச்சு. ஃபங்க்கில் 1ஆம் மாத்திரை தெய்வம். அதைக் குத்தாமல் விட்டால் ஃபங்க் இல்லை. கியூபா பேஸ் அந்த 1ஐ வெற்றிடமாக விட்டு 4, 7, 12, 15இல் அடிக்கும். அதிலும் 15இலேயே அடுத்த கோர்டின் சட்ஜத்துக்குப் போய் அதை இழுத்து 1ஐத் தாண்டும். இரண்டையும் ஒரே சுற்றில் திணித்தால் குழப்பம். மூன்று சுற்று கியூபா மாதிரி 1ஐ விடுங்கள். நாலாவது சுற்றின் 15இல் அடிக்காமல் நிறுத்தி, அடுத்த 1இல் ஓங்கிக் குத்துங்கள். ஆடுபவர்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். சுரமும் அதிகம் வேண்டாம்: சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம்.

கோர்ட் இரண்டு போதும். ஏ மைனர் செவன் ஒரு சுற்று, டி நைன் ஒரு சுற்று, திரும்பத் திரும்ப. கிட்டாரில் ஒரே கம்பியில், மேல் கட்டைகளில், உள்ளங்கையால் பாலத்தருகே அமுக்கி, நாலைந்து சுரம் கொண்ட ஒரு துண்டைக் கட்டுங்கள். பாட்டு முடியும்வரை அது மாறக்கூடாது. 'டிஸ்டோர்ஷன்' வேண்டாம், எதிரொலி வேண்டாம், ட்ரெபிள் கொஞ்சம் ஏற்றுங்கள். அங்கே சாதாரணமாக இரண்டு மூன்று கிட்டார் இருக்கும். ஒன்று இப்படிச் சுரமும் மற்றது கோர்ட் சீவலும் செய்யும். உங்களிடம் இரண்டாவது கிட்டார் இல்லாததால் அந்த வேலை கீபோர்டுக்கு: ஓர்கன் ஒலி, 3, 7, 11, 15இல் கத்தரித்தது போலக் குட்டையான கோர்ட். இடது கை மடியில் இருக்கட்டும். கீபோர்டின் இடது கையும் பேஸும் ஒரே பள்ளத்தில் விழுந்து ஒன்றையொன்று மூடுவதுதான் நம் பக்கத்துக் குழுக்களில் அடிக்கடி கேட்கும் கோளாறு. ஒலிபெருக்கிக்காரரைத் திட்டிப் பயனில்லை.

நுழையும் வரிசை: மணி 2 சுற்று, கிட்டார் சேர்ந்து 4, பேஸ் சேர்ந்து 4, மேளங்கள் சேர்ந்து 8. அதற்குப் பிறகு வாய் திறந்தால் போதும்.

இன்னொரு கோளாறு உண்டு, கண்டுபிடிப்பது கடினம். எல்லாரும் சரியாக வாசிக்கிறார்கள், ஆனால் ஏதோ ஒவ்வவில்லை. பெரும்பாலும் காரணம் இது: மணியின் சுற்றில் மூன்றடிப் பாதி ஒன்று (1 முதல் 8), இரண்டடிப் பாதி ஒன்று (9 முதல் 16). மெட்டு இதில் ஒரு பாதியோடுதான் பொருந்தும். இடையிசையில் யாரோ எட்டு மாத்திரையைத் தின்றுவிட்டால் மெட்டும் மணியும் தலைகீழாகும். அப்போது மணியைத் திருப்பாதீர்கள். பாடகர் எட்டு மாத்திரை காத்திருந்து நுழைந்தால் தானாகச் சரியாகும்.

ஒலிப்பதிவுக்கு ஒரு போன் போதும். பொலி-ரித்மோவின் 1970களின் தொடக்கப் பதிவுகளில் பல, நாக்ரா என்ற சிறிய ஒலிநாடாக் கருவியிலும் ஓரிரு மைக்கிலும் எடுத்தவை. ஒலியளவைத் தூரத்தால் சரிசெய்தார்கள். போனைக் கதிரை ஒன்றில் வைத்து, பாடகர் ஒரு கை தூரத்தில், கிட்டார் ஸ்பீக்கர் ஐந்து அடியில், டோலக்கி ஏழு அடியில், தப்பும் மணியும் பத்துப் பன்னிரண்டு அடியில் நின்று ஒரு நிமிடம் எடுத்துக் கேளுங்கள். எது மூடுகிறதோ அதை ஓரடி பின்னால் தள்ளுங்கள். தகரக் கூரை மண்டபம் என்றால் மழை இல்லாத நேரம் பார்க்க வேண்டும். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

கே: இரவு நிகழ்ச்சியில் மூடுபனி இறங்கியதும் தப்பு 'பொத்' என்று ஆகிவிடுகிறது. மண்டபத்துக்குள் நெருப்புக் காட்ட விடமாட்டார்கள். – வாசகர், பொகவந்தலாவை

ப: தோல் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தளர்கிறது. காய்ச்சினால் ஈரம் போய் விறைக்கும். உள்ளே நெருப்புக்கு அனுமதி இல்லாவிட்டால் இரண்டு தப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மேடையில், மற்றது பின்னறையில் பழைய 100 வாட் குண்டு பல்புக்கு முன்னால் ஒன்றரை அடி தள்ளி. எல்.ஈ.டி. பல்பில் சூடு வராது. முடி உலர்த்தும் கருவியும் உதவும். குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளி, வட்டமாக நகர்த்திக்கொண்டே. ஒரே இடத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் இறுகி விளிம்பில் கிழியும். அதோடு, தோலைச் சட்டத்தில் ஒட்டியிருப்பது புளியங்கொட்டைப் பசையானால் அளவுக்கு மீறிய சூட்டில் அது விட்டுக்கொடுக்கும். மூன்று நிமிடம் காட்டி, தட்டிப் பார்த்து, மறுபடி காட்டுவதே பாதுகாப்பு.

பிளாஸ்டிக் முகம் போட்ட தப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. குரலும் இல்லை.

கொங்கா வைத்திருப்போர் எதிரெதிர் திருகாணிகளாக, ஒவ்வொன்றையும் கால் சுற்று மட்டும் முறுக்கவும். நிகழ்ச்சி முடிந்ததும் அதே கால் சுற்றைத் தளர்த்த மறக்க வேண்டாம். மறுநாள் வெயில் அடித்தால் இறுகிய தோல் இன்னும் இறுகும்; வெடிப்பது அப்போதுதான்.

கே: ஏன் இந்தப் பாட்டுகள் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடுகின்றன? பாடகர் வருவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. – வாசகர், கொட்டகலை

ப: ஆடுபவர்களுக்காகச் செய்த இசை. ஆட்டம் சூடேற நேரம் வேண்டும். காமன் கூத்துக்கு விடியவிடிய உட்காரும் ஊர் இதைக் கேட்கலாமா? இன்னொரு காரணம் தட்டின் அளவு. நிமிடத்துக்கு 33 சுற்று ஓடும் நீள் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக் கொள்ளும். அதற்கு மேல் நெருக்கினால் பள்ளங்கள் ஒடுங்கி ஒலி மெலியும். ஃபெலா குட்டி ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்று நிரப்பினார். அவருடைய ட்ரம்ஸ்காரர் டோனி அலன் (1940–2020) அந்த நீளம் முழுவதும் ஒரே அடியைத் திரும்பச் சொல்லாமல் சொல்வதைக் கேட்க வேண்டும். நாலு கையும் காலும் நாலு தனி ஆட்கள் போல நடக்கும், ஆனால் சுற்று கலையாது.

கே: ஆஃப்ரோபீட், ஆஃப்ரோபீட்ஸ் இரண்டும் ஒன்றா? – மாணவி, பண்டாரவளை

ப: இல்லை. 'ஸ்' இல்லாதது ஃபெலாவும் டோனி அலனும் 1970 அளவில் கட்டியது: ஊதுகருவிகள், நீண்ட பாட்டு, அரசைச் சாடும் சொல். 'ஸ்' உள்ளது இன்றைய நைஜீரிய, கானா பொப் இசை; கணினியில் கட்டியது, மூன்று நிமிடம். ஹைலைஃப் இரண்டுக்கும் மூத்தது.

கே: நம் பைலாவும் ஆபிரிக்கத் தாளம்தானே? அப்படியானால் இதற்கு உறவா? – வாசகர், நாவலப்பிட்டி

ப: தூரத்து உறவு என்று சொல்லலாம். பைலாவுக்குப் போர்த்துக்கேயர் பாட்டும் அவர்கள் காலந்தொட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் ஆட்டமும் அடித்தளம். புத்தளம் பக்கம் சிறம்பையடியில் அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தங்கள் மஞ்சா இசையைப் பாடுகிறார்கள். நம் தமிழ்ப் பொப்பிசைக்காரர்களும் அந்தப் பைலா அடியில்தான் பெயர் வாங்கினார்கள். ஆனால் பைலா ஆறு மாத்திரையில் துள்ளும். நாம் மேலே பார்த்த மணி பதினாறில் நடக்கும். பைலாவை நேராக அதன்மேல் வைத்தால் உட்காராது. பொருத்தமான மேற்கு ஆபிரிக்க மணி வேறு, பன்னிரண்டு மாத்திரையில்: தக தக த தக தக தக த. ஏழு அடி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்திலும். கானா, டோகோ, பெனின் கரையோரம் முழுதும் இது கேட்கும். ஆறும் ஆறும் பன்னிரண்டு. பைலா இரண்டு சுற்று ஓட, இந்த மணி ஒரு சுற்று. முயன்று பாருங்கள்.

கே: பிரான்ஸில் இருக்கும் உறவினர் அனுப்பிய ஆபிரிக்க இசைத்தட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை படிந்துவிட்டது. துடைத்தாலும் 'சரசர'வென்று கேட்கிறது. – வாசகர், மஸ்கெலியா

ப: உலர்ந்த துணியால் துடைத்தீர்கள் என்றால் பூஞ்சையைப் பள்ளத்துக்குள் நீங்களே தேய்த்து இறக்கியிருக்கிறீர்கள். வடித்த நீர் முக்கால் லீற்றர், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் மதுசாரம் கால் லீற்றர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே துளி. குழாய் நீர் வேண்டாம். உலர்ந்ததும் உப்புத் தங்கும். மென்மயிர்த் தூரிகையால், பள்ளம் ஓடும் திசையிலேயே, வட்டமாக, ஐந்தாறு சுற்று. நடுவில் உள்ள காகித லேபலை நனைக்காதீர்கள். பிறகு வெறும் வடித்த நீரால் ஒருமுறை கழுவி, நிறுத்திவைத்து நிழலில் உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். 78 சுற்றுப் பழைய தட்டு உங்களிடம் இருந்தால் இந்தக் கலவையைக் கிட்டேயும் கொண்டுபோகாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை அரக்கு. மதுசாரம் அரக்கைக் கரைக்கும்.

கழுவிய தட்டைப் பழைய உறைக்குள் போட்டால் இரண்டு மாதத்தில் திரும்பவும் பூக்கும், ஏனென்றால் வித்து கடதாசியில் இருக்கிறது. உள் உறையை எறிந்துவிட்டுப் பொலித்தீன் உறை போடுங்கள். தட்டுகளைச் செங்குத்தாக, வெளிச்சுவரில் படாத அலுமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலத்தையும் மாதம் ஒருமுறை உலர்த்த வேண்டும். ஈரம் நிறைந்த பொட்டலம் வெறும் பொட்டலம். மஸ்கெலியா மழைக்கு அந்த அலுமாரிக்குள் ஒரு சின்னக் குண்டு பல்பும் எரிந்தால் நல்லது.

கே: ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் டேட்டா இருக்கிறது. எதைக் கேட்பது? – மாணவர், இராகலை

ப: முதலில் ஓர்க்கெஸ்ட்ரா பாவோபாபின் 1982ஆம் ஆண்டுப் பதிவான 'பைரேட்ஸ் சொய்ஸ்' தொகுப்பில் இரண்டு பாட்டு, அத்திஸோவின் கிட்டார் மணியோடு எங்கே சேர்கிறது, எங்கே விலகுகிறது என்று மட்டும் கவனியுங்கள். அடுத்து பொலி-ரித்மோவின் 'வொடூன் எஃபெக்ட்' (1972 முதல் 1975 வரையான பதிவுகள், 2008இல் தொகுத்து வந்தது) இருபது நிமிடம். பிறகு ஃபெலாவின் 'ஸோம்பி', 1976. பன்னிரண்டு நிமிடம் ஓடும். கட்டளைக்கு மட்டும் நடக்கும் சிப்பாய்களைப் பகடி செய்த அந்தப் பாட்டுக்குப் பின், 1977 பெப்ரவரியில் லாகோஸில் அவர் வீட்டை இராணுவம் தாக்கி எரித்தது. நேரம் மிஞ்சினால் கானாவின் எபோ டெய்லர்.

போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். பேஸ் வராது, பேஸ் இல்லாவிட்டால் பாதிப் பாட்டு இல்லை. இருபது நிமிட 'வொடூன் எஃபெக்ட்' கேட்கும்போது காதுக்கருவியை மாட்டிக்கொண்டு மேசையில் விரலால் தகிட தகிட தகதிமி தக தகதிமி போட்டுப் பாருங்கள். எல்லாப் பாட்டிலும் பொருந்தாது. பொருந்தாத பாட்டில் பன்னிரண்டைப் போடுங்கள்.